தண்ணியில் இருந்தவன்

இன்று என் தம்பியைக் குடிகாரன் என்று முடிவுகட்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடத்திவிட்டார்கள். அவன் குடிக்கிறவனே இல்லை.

ஏரியில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிக்கிறவன். காலையில் அங்கேயே வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது.

"இன்னாம்மா ஆச்சு?" என்று நர்ஸ் கேட்டிருக்கிறார்.

அவன் பெண்சாதி, "விடிஞ்சதுலேர்ந்து தண்ணியிலதாம்மா இருந்தாரு" என்றிருக்கிறாள்.

"அப்ப தெளியட்டும். ஓரமா படுக்க வை."

நான் போய்ச் சேரும்போது உச்சிவேளை. "விரல்ல குத்தி சக்கரை பாத்தியாம்மா?" என்று கத்தினேன்.

"குடிச்சவனுக்கு இன்னாத்துக்கு பெரியவரே?"

சர்க்கரை இறங்கினாலும் வாய் குழறும், கை விழும். அது சரியாக இருந்தால் பக்கவாதம் என்று உடனே சென்னைக்கு அனுப்பலாம். ஒரு நிமிட வேலை.

பிறகுதான் குத்தினார்கள். சர்க்கரை சரியாக இருந்தது. சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர், "அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கு நேரம் தாண்டிடுச்சுப்பா" என்றார். அந்தக் கை இனி வராது போலிருக்கிறது.

வாய் கோணி யார் வந்தாலும் நர்ஸ் முதலில் விரலில் குத்த வேண்டும். டாக்டர் பார்க்காமல் யாரையும் ஓரங்கட்டக் கூடாது. பஞ்சாயத்துத் தலைவர் கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டும். நாளை நான் நம்மூர் ஆஸ்பத்திரி வாசலில் உட்காரப் போகிறேன். லைக் வேண்டாம், யார் யார் வருகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.