டிரம்ஸைச் சுற்றி நெல் மூட்டை

இப்போது சென்னையில் மேடை மேடையாக டிரம்ஸ் வாசிக்கிறாரே என் சித்தப்பா, அவருக்கு எங்கள் ஊரான குரும்பகரத்தில் அப்போது இருந்த பெயர் ‘வேலை வெட்டி இல்லாதவர்’. காரைக்காலில் செல்போன் கடை வேலையை அவர் விட்ட நாளிலிருந்து அப்பா அவரோடு பேசுவதில்லை. சாப்பிடக் கூப்பிடுவதுகூட என் மூலமாகத்தான். எட்டு வயதில் எனக்கு அது பெரிய பதவியாக இருந்தது.

சென்னை இசைக்குழு ஒன்று ஆள் தேடியது. வாசித்ததைப் பதிவு செய்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். சித்தப்பா மைக்செட்காரரிடம் நாலு மைக் இரவல் வாங்கி வந்தார். பெரிய டிரம்முக்குள் பழைய தலையணையைத் திணித்து அதன்மேல் ஒன்று, சின்ன டிரம்மின் விளிம்போரம் ஒன்று, உத்தரத்திலிருந்து தொங்குகிற மாதிரி இரண்டு. தொங்குகிற இரண்டும் சின்ன டிரம்முக்குச் சம தூரத்தில் இருக்க வேண்டுமாம். சாக்கு தைக்கிற சணலை வைத்து அளந்து அளந்து கட்டினார். இவ்வளவு செய்தும், கூடத்தில் வாசித்தது தகர டப்பாவை உருட்டிவிட்டது போலத்தான் பதிவானது.

கடைசியில் எல்லாவற்றையும் பின்னறைக்குத் தூக்கிப் போனார். அறுவடை முடிந்து அங்கே ஐம்பது மூட்டை நெல் நாலு சுவரையும் மறைத்து அடுக்கியிருந்தது. நடுவில் உட்கார்ந்து அடித்தார். சத்தம் அடித்த இடத்திலேயே ‘தும்’மென்று நின்றது.

“எதிரொலிய நெல்லு முழுங்கிடுதுடி!” என்று என்னைத் தூக்கிச் சுற்றினார்.

நான் ஓடிப்போய் அதை அப்பாவிடம் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. சித்தப்பா பதிவைத் தொடங்குவதற்குள் நெல் வியாபாரி லாரியோடு வந்துவிட்டார். அப்பா வாசலிலேயே அவரை நிறுத்தினார்.

“நெல்லுல ஈரம் இருக்குங்க. திங்கக்கெழம வாங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே ஓடி ஒரு பிடி நெல்லை அள்ளி வந்து, வியாபாரி முன்னாலேயே ஒன்றைக் கடித்துக் காட்டினேன்.

“இல்லப்பா, நல்லா காஞ்சிருக்கு! நறுக்குங்குது பாரு!”

வியாபாரி சிரித்துவிட்டார். “ஈரத்தோட யாராச்சும் மூட்ட புடிப்பாங்களா?”

அப்பா என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. மூட்டைகள் ஒவ்வொன்றாக லாரிக்குப் போக ஆரம்பித்தன. உள்ளே சித்தப்பா டிரம்மில் முடுக்கிய திருகாணியையே திரும்பத் திரும்ப முடுக்கிக்கொண்டிருந்தார். முப்பது மூட்டை போனதும் அப்பா அறை வாசலை மறித்து நின்றார்.

“மிச்சம் இருபதும் வெதநெல்லு.”

“ரெண்டு ஏக்கருக்கு இருபது மூட்டையா? காரக்கால் பூராவும் நீங்களே வெதைக்கப் போறீங்களா?”

“ஆமா.”

லாரி போனதும் சித்தப்பா எழுந்து வந்தார். “அண்ணே...” என்றார்.

“இருக்குறத கிட்ட நகத்திப் போட்டுக்க. நேரமாவுது, வாசி” என்றார் அப்பா, நேராக அவரைப் பார்த்து. என் பதவி அன்றோடு போனது.

திங்கட்கிழமை அதே லாரி வந்து அந்த இருபது மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போனது. விதைநெல்லைக்கூட விற்றுவிட்டாரே என்று அம்மாவின் மடியில் விழுந்து அழுதேன். நெல் காய்ந்ததா என்று பார்க்கவும் தெரியாமல், கணக்கும் வராமல், இந்த அப்பா எங்களை எப்படிக் காப்பாற்றப் போகிறாரோ என்று எனக்கு அவ்வளவு கவலையாக இருந்தது.