தலைமாட்டுக் குரோட்டன்

குரோட்டன் செடியை வெட்டிவிட்டால் செத்துவிடும் என்று நினைப்பவர்கள் அதை ஒருநாளும் தோண்டிப் பார்க்காதவர்கள். அடியில் விரலளவு வேர் மிச்சமிருந்தாலும் அடுத்த மழைக்குத் துளிர்த்துக்கொண்டு நிற்கும். கடப்பாரை மாதிரியான அலவாங்கால் சுற்றிக் கிளறி, குழிக்குள் கையை விட்டு, நுனிவேர் வரை உருவி எடுக்க வேண்டும். ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே, கைவிடப்பட்ட ஒரு தேயிலைத் தோட்டத்தில் இதைத்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

காட்டைத் திரும்பக் கொண்டுவரும் திட்டம் அது. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த தோட்டத்துப் பிள்ளைகளாகப் பார்த்து எடுத்திருந்தார்கள். அந்தக் காட்டை அழித்துத் தேயிலை போட்டவர்கள் இந்தியாவிலிருந்து கூட்டிவரப்பட்ட எங்கள் பாட்டன் பூட்டன்மார். இப்போது தேயிலையை அழித்துக் காடு போட நாங்கள். இரண்டு தடவையும் மண்வெட்டி பிடிக்க எங்களைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் கண்டியில் ஏதாவது கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்குவதைவிட இது மேல் என்று போனேன்.

என்னோடு ஒரே அறையில் இருந்தவள் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கட்டுகஸ்தோட்டையில் ஒரு புடவைக்கடையில் நல்ல வேலையில் இருந்தவள், அதை விட்டுவிட்டு இந்த அட்டைக்கடிக்கு ஏன் வந்தாள் என்று எல்லோரும் சீண்டுவோம். அவள் சிரித்து மழுப்பிவிடுவாள். ஒருநாள் வேலை முடிந்ததும் என்னை மட்டும் மலையின் கிழக்கு மூலைக்குக் கூட்டிப்போனாள்.

அவள் பிறந்தது அந்தத் தோட்டத்தில்தான். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அம்மா இறந்துபோனார். தோட்டம் மூடப்பட்டதும் அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டார். தோட்டத்தில் செத்தவர்களை அந்தக் கிழக்கு மூலையில் புதைப்பார்கள். கல்லறை கட்ட யாருக்கும் வசதி இல்லை. தலைமாட்டில் ஒரு குரோட்டன் கிளையை ஊன்றிவிட்டு வருவார்கள். அது வேர்பிடித்தால் அதுதான் அடையாளம்.

அங்கிருந்த குரோட்டன்கள் எல்லாம் மஞ்சள் புள்ளி போட்டவை. ஒன்று மட்டும் அகன்ற சிவப்பு இலையோடு அவள் உயரத்துக்கு மேலே வளர்ந்திருந்தது.

"செவப்பு எல, அத வச்சுக் கண்டுபுடிச்சிக்கன்னு அப்பா சொல்லியிருந்தாரு," என்றாள். "எங்கம்மா மொகம் எனக்கு ஞாபகம் இல்ல. போட்டோவும் இல்ல. இது ஒண்ணுதான் இருக்கு."

எங்களை மேற்பார்வை செய்த சேர் சிங்களவர். நல்ல மனுசன், பெண்பிள்ளைகளை நங்கி, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார், எங்களோடு உட்கார்ந்து பாணும் சம்பலும் சாப்பிடுவார். ஆனால் சட்டம் என்றால் சட்டம். வெளிநாட்டுச் செடி ஒன்றுகூட மலையில் இருக்கக் கூடாது. தேயிலை, லந்தானா, குரோட்டன் எல்லாம் வெளிநாடு.

"அப்பிடின்னா எங்களயும் புடுங்கணும் சேர்," என்றான் எங்களில் ஒருவன். எல்லோரும் சிரித்தோம். சேரும் சிரித்தார். எனக்குத்தான் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

கிழக்கு மூலையின் முறை வந்தபோது அக்கா அவரிடம் விசயத்தைச் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு, குரோட்டன் இருந்த ஒவ்வொரு குழியிலும் ஒரு காட்டு மரத்தை வைப்போம் என்றார். "பெரிய மரம் வரும் நங்கி. குரோட்டனவிட நல்லம்."

அதில் நியாயம் இருப்பதாகத்தான் எங்களுக்கும் பட்டது. அவளே அலவாங்கை எடுத்தாள். வேறு யாரையும் தொட விடவில்லை. பழகிய கை அல்லவா, ஒரு வேரைக்கூட மிச்சம் வைக்காமல் சுத்தமாக எடுத்தாள். அந்தக் குழியில் ஒரு காட்டு நாவல் கன்றை வைத்து, பக்கத்தில் மூங்கில் குச்சி ஊன்றி, சுற்றிக் கல் அடுக்கினாள். கிளைகளை மற்றச் செடிகளோடு சேர்த்துக் குவித்து எரித்தோம். அதுவும் சட்டம்தான்.

கன்று பிடித்துக்கொண்டது. புது இலை விடும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள்.

ஆடிக் காற்றில் மலை காய்ந்தது. மாட்டுக்கு இளம்புல் முளைக்கட்டும் என்று கீழே யாரோ மானாப்புல்லுக்கு நெருப்பு வைத்தார்கள். நெருப்பைத் தடுக்க நாங்கள் புல் செதுக்கி விட்டிருந்த வெறுந்தரையை அது ஒரே தாவலில் தாண்டியது. பச்சைக் கொப்புகளால் அடித்துப் பார்த்தோம். அவள் கிழக்கு மூலைக்கு ஓடினாள். இரண்டு பேராகப் போய் அவளை இழுத்துக்கொண்டு இறங்கினோம். என் கையைக் கடித்தாள். நான் விடவில்லை.

நெருப்பு தின்றது போக மிச்சத்தை மழை கொண்டுபோனது. பிடித்து வைக்க ஒரு புல்கூட இல்லாத சரிவில் மண்ணும் கல்லும் சேர்ந்து ஓடைக்கு இறங்கின. திரும்பிப் போனபோது கன்றும் இல்லை, குச்சியும் இல்லை, அவள் அடுக்கிய கற்களும் இல்லை. அவள் நாள் முழுக்க அந்தச் சரிவில் குந்திக் குந்தித் தேடினாள். இங்கேயாகத்தான் இருக்கும் என்பாள், பிறகு இல்லை என்பாள். கூட நடந்த எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மழை விட்ட பிறகு, அதே மூலையில் பழைய தண்ணீர்க் கான் ஓரமாகப் பாறை இடுக்கில் ஒரு குரோட்டன் துளிர்த்திருந்தது. லந்தானாப் புதருக்குள் மறைந்து கிடந்ததால் எங்கள் அலவாங்குக்குத் தப்பிய ஒன்று. தண்டெல்லாம் கரி. அடியிலிருந்து புது இலைகள், மஞ்சள் புள்ளியோடு. யாரை அங்கே புதைத்தார்கள் என்று சொல்ல ஆள் இல்லை.

அக்கா அதன் முன்னால் உட்கார்ந்து கற்பூரம் ஏற்றினாள். நான் பின்னால் நின்றேன். சரிவைப் பார்க்க வந்த சேர் எங்களைக் கண்டதும் நின்றுவிட்டார். தொப்பியைக் கழற்றினார்.

"இத வெட்ட வேணாம் நங்கி," என்றார். "நான் மேல சொல்றன். அம்மா இருக்கட்டும்."

அவள் கற்பூரம் அணையும் வரை காத்திருந்தாள். பிறகு எழுந்து பாவாடையில் ஒட்டிய கரியைத் தட்டிவிட்டாள்.

"இது எங்கம்மா இல்ல சேர்," என்றாள்.

அன்றைக்கு எங்களுக்குப் புதிய கன்றுகள் வந்திருந்தன. ஆளுக்கொரு கூடையைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினோம்.