இறந்தவர்கள் பக்கத்தில் என் பெயர்

எனக்குப் பாட்டு வராமல் போனது ஓர் ஆகஸ்ட் மாதத்தில். மாதாவின் விண்ணேற்புத் திருவிழாவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. நவநாளின் முதல் மாலை, பாடகர் குழுவில் என் இடத்தில் எழுந்து நின்றேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. தொண்டை கட்டவில்லை, சளி இல்லை, காய்ச்சல் இல்லை. பாட வேண்டும் என்ற எண்ணமே உள்ளே இல்லை. நாற்பது வருடமாக நான் பாடிய பாட்டை யாரோ பக்கத்து வீட்டில் பாடுவதுபோல் கேட்டுக்கொண்டு நின்றேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ஸ்டெல்லா மேரி. மயிலாப்பூரில் பிறந்து, இங்கேயே ஞானஸ்நானம் வாங்கி, இங்கேயே வாழ்க்கைப்பட்டவள். முப்பத்திரண்டு வருடம் பெண்கள் பள்ளியில் இயற்பியல் டீச்சராக இருந்தேன். என் கணவர் சேவியர் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவர். அதைவிட முக்கியம், எங்கள் பாடகர் குழுவில் தபேலா வாசிப்பவர். ஒரு கிறிஸ்துமஸ் ஒத்திகையில் அவர் தாளம் தப்பினார். எல்லார் முன்னாலும் அவரை வெளுத்து வாங்கினேன். மனுஷன் கோபித்துக்கொண்டு போவார் என்று பார்த்தால், நேராக வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "கட்டுனா அந்தப் பொண்ணத்தான் கட்டுவேன்" என்றாராம். அடி வாங்கியும் அடங்காத ஜென்மம்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனது நிறைகிறது. ஒத்திகை முடிந்ததும் பத்துப் பேராகப் பேசிக்கொண்டே லஸ் முனை வரை நடப்போம். ரோஸ்மில்க் குடிப்போம். திரும்பி வரும்போது நடுத்தெருவில் நான்கு குரலில் பாடுவோம். யாரும் எங்களைத் திட்டியதில்லை. ஒரு வீட்டு மாமி மட்டும் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "நாளைக்கும் இந்த வழியாவே போங்கோ" என்பார். சந்தோஷம் என்பது சுவாசிப்பதுபோல் தானாக நடக்கும் காரியம் என்று நினைத்திருந்த காலம் அது.

பணி ஓய்வு பெற்றது மே மாதம். ஜூனில் தூக்கம் போனது, ஜூலையில் பசி போனது, ஆகஸ்டில் பாட்டு போனது. குளிப்பதே பெரிய வேலையாகிவிட்டது. குழம்பில் உப்பு இல்லை என்று அவர் சொன்னால் சரி என்பேன். உப்பு அதிகம் என்றாலும் சரி என்பேன். ரிடையர் ஆனால் எல்லோருக்கும் இப்படித்தான் என்றார் அவர். தைராய்டு பார்த்தோம், வைட்டமின் பார்த்தோம், எல்லாம் சரியாகவே இருந்தது. ஜெபக்குழுவில் ஒரு சகோதரி என் கையைப் பிடித்து, "விசுவாசம் கொறஞ்சா இப்படித்தான் சிஸ்டர் ஆகும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையால் நான் நாலு மாதம் டாக்டரிடம் போகாமல் இருந்தேன்.

கடைசியில் லஸ் பக்கத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று முக்காடு போட்டுக்கொண்டு போனேன். வெட்கத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பில் கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளைகளை, "என்னடி, கீழ்ப்பாக்கத்துக்கு டிக்கெட் எடுக்கணுமா?" என்று அங்குள்ள மனநல மருத்துவமனையைச் சொல்லிக் கேட்டு நானே சிரிக்க வைத்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு இப்போது என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. மாத்திரை கொடுத்தார்கள். அது கேட்கவில்லை என்று வேறு மாத்திரை மாற்றினார்கள். கை நடுக்கமும் வாய் உலர்வதும்தான் மிச்சம். சாக வேண்டும் என்று நான் திட்டம் எதுவும் போடவில்லை. ஆனால் இருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஜெபமும் வரவில்லை. ஜெபமாலையை எடுத்தால் மணி நகரும், மனம் நகராது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு மாலை படுக்கையில் உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னேன். "ஆண்டவரே, எனக்கு ஜெபம் பண்ண வரல. வேற யாரையாவது விட்டுப் பண்ணச் சொல்லும்." அவ்வளவுதான், ஆமென்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் என் கணவர் என்னிடம் சொல்லாமல் பங்கு அலுவலகத்துக்குப் போய், பூசையில் வாசித்து வேண்டிக்கொள்ள என் உடல்நலத்துக்காக ஒரு கருத்து எழுதிவைத்தார். அந்த நோட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இடது பக்கத்தில் நன்றியும் வேண்டுதலும். வலது பக்கத்தில் இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றி. மாதம் தவறாமல் தன் அப்பா அம்மாவுக்காக வலது பக்கத்தில் எழுதி எழுதிப் பழகிய கை. கண்ணாடியும் எடுத்துப் போகவில்லை. பெயரை வலது பக்கத்தில் எழுதிவிட்டு நிம்மதியாக வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலைப் பூசை. நான் நாலாவது வரிசையில் அவர் பக்கத்தில் இருந்தேன். கருத்துகளை வாசித்தார்கள். மரித்த விசுவாசிகளின் பெயர் வரிசையில், "ஸ்டெல்லா மேரி" என்று வந்தது. முன் வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். அதற்குள் கோயில் முழுவதும் என் ஆன்மாவுக்காக ஒரே குரலில் ஜெபித்து முடித்துவிட்டது.

பூசை முடிந்ததும், கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை ஓடி வந்தார். "டீச்சர், தப்பா எட்துக்காதீங்க. நோட்டுல அந்தப் பக்கத்துலதான் எழுதிக்கீது. நான் இன்னா பண்ணுவேன்?" என்று கையைப் பிசைந்தார். பழைய ஸ்டெல்லாவாக இருந்தால் அன்றைக்கு இரண்டு ஆண்களும் அந்த இடத்தைவிட்டு உயிரோடு போயிருக்க மாட்டார்கள். நான் அமைதியாக, "பரவால்லப்பா. கரெக்டாத்தான் படிச்சிருக்காங்க" என்றேன்.

என் கணவர் முகம் வெளுத்துப்போனது. அதுவரை அவருக்குப் புரியவில்லை. ஏதோ சோர்வு, போய்விடும் என்றிருந்தார். அந்த ஒரு பதிலில் எல்லாம் புரிந்தது. மறுநாள் காலையில் மருத்துவரிடம் என்னைக் கூட்டிப்போய், நான் சொன்னதை அப்படியே சொன்னார். மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு என்னிடம் நேராகக் கேட்டார். "சாகணும்னு தோணுதாம்மா?" யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. நானும் முதல் முறையாக மறைக்காமல் பதில் சொன்னேன். அன்றுதான் அவர் காந்த அலை சிகிச்சையைப் பற்றிச் சொல்லி, அடையாறில் ஒரு டாக்டருக்குக் கடிதம் கொடுத்தார்.

எனக்குப் பயம்தான். மண்டையில் கரண்ட் வைப்பார்கள், நினைவு போய்விடும் என்று நினைத்தேன். அடையாறு டாக்டர் இளவயதுப் பெண். சிரித்துக்கொண்டே, "அது வேற ட்ரீட்மென்ட்ம்மா. இதுக்கு மயக்க மருந்தும் கெடையாது, வலிப்பும் வர வைக்க மாட்டோம். முழிச்சிக்கிட்டு சேர்ல உக்காந்திருப்பீங்க" என்றார். தலைக்குள் உலோகம் ஏதாவது இருக்கிறதா, வலிப்பு வந்ததுண்டா என்று விசாரித்தார். பிறகு ஒரு தாளில் மண்டை ஓட்டை வரைந்து, மேலே ஒரு சுருளை வரைந்து, "இதிலேர்ந்து காந்தம் உள்ள போயி..." என்று ஆரம்பித்தார்.

"காந்தம் இல்ல டாக்டர், காந்தப்புலம்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். என் கணவரும் பார்த்தார். மாதக்கணக்கில் நானாக வாய் திறந்து சொன்ன முதல் வாக்கியம் அது. தாளை இழுத்து நானே வரைந்தேன். சுருளில் மின்சாரம் மாறிக்கொண்டே இருந்தால் காந்தப்புலமும் மாறும். மாறும் காந்தப்புலம் பக்கத்தில் இருக்கும் கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும். தொடவே வேண்டாம். வருடா வருடம் அட்டைக் குழாயில் செம்புக் கம்பியைச் சுற்றி, காந்தத்தை உள்ளே விட்டு வெளியே எடுத்து, மீட்டர் முள் அசைவதைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். முள் அசைந்ததும் வகுப்பே "ஓ" என்று சத்தம் போடும். பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து சண்டை பிடிப்பார். அந்த ஆய்வுக்கூடத்தின் ஸ்பிரிட் வாசனைகூட எனக்கு அப்போது மூக்கில் ஏறியது. மூளையில் மந்தமாகிப்போன ஒரு பகுதியைத் தட்டி எழுப்புகிறார்கள், அதுதான் விஷயம். "எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேம்மா. ஆனா முயற்சி பண்ணலாம்" என்றார் டாக்டர். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை தொடங்கினோம். வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். சிகிச்சை கொடுக்கும் பெண் நங்கநல்லூர்க்காரி. முதல் நாளே, "ஆன்ட்டி, கம்மல், ஹேர்பின், செயின் எல்லாம் கழட்டிடுங்க. மெட்டல் இருக்கக் கூடாது" என்றாள். கம்மலைக் கழற்றினேன். தாலிச் செயினில் கை வைத்ததும் நின்றுவிட்டது. கல்யாணத்தன்று கட்டியது, பிரசவத்தில்கூடக் கழற்றியதில்லை. அவர்தான், "எங்கிட்ட குடு. வெளியிலதான் உக்காந்திருப்பேன், ஓடிப் போக மாட்டேன்" என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சிகிச்சை முடிந்ததும் அவரே கழுத்தில் மாட்டி, கொக்கியைப் போடத் தெரியாமல் தடவிக்கொண்டிருப்பார். முப்பது நாள், முப்பது தடவை. ஒரே பெண்ணுக்கு இத்தனை முறை தாலி கட்டிய கத்தோலிக்கர் இந்த ஊரில் வேறு யாரும் இருக்க மாட்டார்.

அந்தச் சுருள் தலையின் இடது முன்பக்கத்தில் மரங்கொத்திபோல் நாலு விநாடி தட்டும். பிறகு அரை நிமிடம் போல ஓயும். மறுபடி தட்டும். முதல் வாரம் தலை வலித்தது, புருவம் துடித்தது. இரண்டாம் வாரமும் ஒரு மாற்றமும் இல்லை. பஸ்ஸில் அடையாறு பாலத்தைத் தாண்டும்போது, "போதுங்க, விட்டுருவோம்" என்றேன். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு மட்டும் வா" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். இப்படி நாளைக்கு, நாளைக்கு என்றே என்னை நாலாம் வாரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

நாலாம் வாரம் சனிக்கிழமை காலை. அவர் பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். பால் பொங்கி, வழிந்து, தீய்ந்த நாற்றம் கூடம் வரை வந்தது. நான் எழுந்து போய் அடுப்பை அணைத்தேன். "பால வெச்சுட்டு பேப்பர்ல அப்படி என்னத்தப் பாக்குறீங்க? அடுப்பு தானா அணைஞ்சிக்குமா? இத்தன வயசுக்கு ஒரு லிட்டர் பால் காய்ச்சத் துப்பில்ல" என்று பிடிபிடியென்று பிடித்தேன். அவர் சமையலறை வாசலில் பேப்பரோடு நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "இன்னொரு தடவ திட்டு, ஸ்டெல்லா" என்றார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. கரித்துணியைக் கையில் வைத்துக்கொண்டு நானும் ஓவென்று அழுதேன். அழுகை வந்ததே பெரிய சந்தோஷம்.

திங்கட்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது, தட்டி ஓயும் அந்த அரை நிமிடத்தில் ஒரு 'அருள் நிறைந்த மரியே' தானாக வந்தது. நான் தேடிப் போகவில்லை. அடுத்த ஓய்வில் இன்னொன்று வந்தது. மணி இல்லாமல், விரல் நகராமல், அன்றைக்கு ஒரு முழு ஜெபமாலை முடிந்தது. என் ஜெபம் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

இது நடந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. பாடுகிறேன், குரலில் கொஞ்சம் கரகரப்பு உண்டு. ஒரு மாத்திரை இன்னும் சாப்பிடுகிறேன். நடுவில் ஒரு தடவை அந்த இருட்டு எட்டிப் பார்த்தது. இந்த முறை முக்காடு போடாமல் டாக்டரிடம் போனேன், சரியானது. இப்போது பஸ் அடையாறு பாலத்தில் ஏறும்போதெல்லாம் அந்த ஆறு வாரங்கள் நினைவுக்கு வருகின்றன. கத்திரி வெயில், ஜன்னலோர சீட், வாய்க்கு ருசி தெரியாமலே அவர் வாங்கிக் கொடுத்த வெள்ளரிப் பிஞ்சு. கஷ்டகாலம்தான், ஆனால் ஏக்கமாக இருக்கிறது. அத்தனை நேரம் அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது கல்யாணமான புதிதுக்குப் பிறகு அப்போதுதான்.

ஆண்டவர் எனக்கு வானத்தைக் கிழித்துக்கொண்டு வரவில்லை. மறதிக்காரப் புருஷன் வழியாக வந்தார். நேராகக் கேட்ட ஒரு டாக்டர் வழியாக வந்தார். மருந்தும் கருவியும் அவருக்கு வேண்டாதவை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது. நன்றி, ஆண்டவரே.

உங்களில் யாருக்காவது இப்படி இருந்தால் வெட்கப்படாதீர்கள். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு மாதா சொரூபம் இருக்கும் கெபிக்குப் பக்கத்துச் சிமெண்டுப் பெஞ்சில் நான் இருப்பேன். வந்து உட்காருங்கள், பேச வராவிட்டாலும் பரவாயில்லை. ஜெபிக்கவும் முடியவில்லையா? உங்கள் பெயரை மட்டும் சொல்லுங்கள், ஜெபத்தை நான் செய்கிறேன். நீங்கள் டாக்டரிடம் போங்கள்.