கண்ணை மூடித் தூக்கிய கைகள்

இதை எழுதவேண்டும் என்று நினைத்தே எத்தனையோ தவக்காலம் போய்விட்டது. ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் கொப்பியை எடுப்பேன். முதல் வரியோடு மூடிவைப்பேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாயிற்று. ஆனால் சுவாமியாரிடம் சொன்னது ஊருக்குப் போகாது. இது ஊருக்குத்தான் தெரியவேண்டும். நாலாம் வகுப்புப் படித்தவன் நான், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. மன்னார்க் கரையில் எங்கள் துறைக்கு ஆறு கரைவலைகள். வலை இழுக்க வாய்ப்பான கரை ஒன்றுதான். வலைக்கு ஒரு நாள், ஞாயிறு கடலுக்கு ஓய்வு. அந்த முறையைப் பாடு என்போம். பாடு பற்றிப் பிணக்கு வந்தால் கோட்டுக்குப் போகமாட்டோம். பூசை முடிந்து, கோயிலடி ஓலைக் கொட்டகையில், பூசைக்கு உடுத்த வெள்ளை வேட்டியோடு மணலில் இருப்போம். பனங்கட்டியும் தேத்தண்ணியும் வரும். ஊர்ப் பெரியவரான மூப்பர் கேட்பார், கை தூக்குவோம். அந்த ஞாயிறுகளின் சுருட்டு மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

ஒரு சோளகக் காற்றில் வியாழக்கிழமைப் பாடு உடையவன் கடலோடு போனான். மூன்று பிள்ளைகளோடு மனைவி மிஞ்சினாள். தன் தம்பிமாரை வைத்து வலையை நடத்துவேன் என்று அவள் சொன்னாள். பெரிய வலைக்காரரான சம்மாட்டியார், வலை சும்மா கிடக்கிறது, வியாழனையும் எனக்கே தாருங்கள் என்று கேட்டார். பாடு போனால் அவள் பிள்ளைகளோடு நானாட்டான் வயல்களுக்கு அரிவு வெட்டப் போகவேண்டியதுதான்.

கொட்டகையில் இருந்தவர்களில் பாதிப்பேர் அவர் வலை இழுப்பவர்கள். நானும் அதில் ஒருவன். மூப்பர் கேட்டதும் சம்மாட்டியாருக்காகக் கைகள் எழும்பின. என் கையும் எழும்பியது.

கொட்டகைக்கு வெளியே நின்ற அவள் உள்ளே வந்தாள். பெண்கள் அங்கே கதைப்பதில்லை.

“கை தூக்கின ஒருத்தரும் என்ர முகத்தைப் பார்க்கேல்லை. சம்மாட்டியாரைப் பார்த்துத்தான் தூக்கினீங்கள். செபம் சொல்லேக்க கண்ணை மூடுறியள்தானே? அப்பிடி மூடிக்கொண்டு தூக்குங்கோ.”

கண்ணை மூடினால் பாதிப்பேர் நித்திரையாகிவிடுவார்கள் என்று ஒரு கிழவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

சம்மாட்டியார், “நானும் மூடவேணுமோ, பிள்ளை?” என்றார்.

“உங்கட காரியமெல்லோ நடக்குது. நீங்கள் வெளியில போங்கோ. நானும் வாறன்.”

அவர் எழுந்து வெளியே போனார். அவள் குருசடிப் பக்கம் போனாள்.

கண்ணை மூடினோம். பாடு அவளுக்கே என்பவர்கள் தூக்குங்கோ என்றார் மூப்பர். என் கை எழும்பவில்லை. கொட்டகைக்குச் சுவரில்லை; சம்மாட்டியார் பார்த்துக்கொண்டு நின்றால்? நான் கண்ணைத் திறந்தேன். மூப்பருக்குப் பின்னால், கவிழ்த்த வள்ளத்தடியில், சம்மாட்டியார் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். தோள் சால்வையை எடுத்து முகத்தில் போட்டிருந்தார். அதைக் கண்ட பிறகுதான் கை தூக்கினேன். கைகளை எண்ணிக்கொண்டு வந்த மூப்பரின் கண் என் கண்ணில் பட்டது. அவர் அதைக் கடைசிவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

இரண்டு கை கூடுதலாக வியாழன் அவளுக்கே நின்றது.

அந்த மாதமே சம்மாட்டியார் இரண்டு பேரை வேலையால் நிறுத்தினார். பிந்தி வந்ததற்குத்தான் நிறுத்தினார். ஆனால், வெளியில் நின்று கை தூக்கினவர்களைப் பார்த்துவைத்தார் என்று ஊர் கதைத்தது. அவர் மையம் அடக்கிய அன்றும் கதைத்தது. இல்லை என்று சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. வாயை மூடிக்கொண்டு சவப்பெட்டியைத் தூக்கினேன்.

அதற்குப் பிறகு எங்கள் கூட்டங்களில் காரியத்துக்கு உரியவர் வெளியே போவார், மற்றவர்கள் கண்ணை மூடுவோம், பெண்களும் கதைப்பார்கள். எத்தனையோ பிணக்குகள் அப்படித் தீர்ந்தன. அந்த ஒழுங்கை முதல் நாளே முறித்தவன் நான்; ஒருவரும் கேட்காமலே காத்தவர் சம்மாட்டியார்.

வாசிக்கிறவர்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். என்மேல் இரங்கி நான் கண் திறந்ததை விட்டுவிடாதேயுங்கோ. அதை விட்டால் அந்தச் சால்வையைக் கண்டவர் ஒருவரும் இல்லாமல் போய்விடும். ஆண்டவர் அவருக்கு நித்திய இளைப்பாற்றியைத் தருவாராக.