பன்னிரண்டாவது கதிரை

என் மகன் கூடைப்பந்து விளையாடிச் சம்பாதிக்கிறான் என்று சொல்வது முழுப் பொய்யுமல்ல, முழு உண்மையுமல்ல. கூடைப்பந்துக் குழுவில் இருக்கிறான், மாதம் முடியச் சம்பளமும் வருகிறது. விளையாடுவதுதான் இல்லை.

எங்கள் நகரத்துக் குழு ஜெர்மனியின் முதலாம் பிரிவில் ஆடுகிறது. ஓர் ஆட்டத்துக்குப் பன்னிரண்டு பேர். ஐந்து பேர் களத்தில் நிற்பார்கள், மற்ற ஏழு பேர் ஓரத்தில் கதிரைகளில் இருப்பார்கள். அந்த ஏழு பேரில் நாலு பேர் மாறிமாறி உள்ளே போய் வருவார்கள். கடைசி மூன்று பேரை யாரும் கூப்பிடுவதில்லை. அந்த மூன்றிலும் கடைசிக் கதிரை என் மகனுடையது. அவன் சேர்ந்தபோது பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான ஆபிட்டூரை நல்ல புள்ளிகளோடு முடித்திருந்தான். டோர்ட்மண்டில் கணினி படிக்க இடமும் கிடைத்திருந்தது.

"படிப்பு ஓடிப்போகாது அம்மா, இது ஓடிப்போயிடும்" என்றான்.

நானும் கணவரும் பேசி இரண்டு வருடம் கொடுத்தோம். அதற்குள் களத்தில் ஒழுங்காக விளையாடும் ஆளாக வந்தால் சரி, இல்லையென்றால் படிக்கப் போகவேண்டும். அவன் தலையாட்டினான். நான் உள்ளுக்குள் நினைத்தது வேறு. கொஞ்ச நாள் இருந்து பார்க்கட்டும், குந்தியிருந்து அலுத்துப்போய்த் தானாக வருவான் என்று நினைத்தேன்.

அலுத்தது எனக்குத்தான். நான் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். ஆட்டமுள்ள நாட்களில் வேலைநேரத்தை மாற்றி வாங்கிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடுவேன். அங்கே மூவாயிரம் பேர் பந்தைப் பார்ப்பார்கள், நான் கடைசிக் கதிரையைப் பார்ப்பேன். பயிற்சியாளர் இடைவேளை கேட்டால், களத்திலிருந்து வரும் ஐந்து பேரும் வந்து உட்கார வேண்டும். உடனே ஓரத்தில் இருக்கும் சின்னவர்கள் எழும்பி இடம் கொடுப்பார்கள். துவாயை நீட்டுவார்கள், தண்ணீரை நீட்டுவார்கள், பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விளையாடத்தான் விடவில்லை, இருக்கிற கதிரையையும் பறிக்கிறார்களே!

"கலியாண வீட்டில பந்தி விளம்பிற பெடியன் மாதிரி நிக்கிறான்" என்று கணவரிடம் சொன்னேன்.

"பொறுத்தார் பூமி ஆள்வார்" என்றார் அவர். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார்.

எனக்குப் பக்கத்து இருக்கை ஒரு ஜெர்மன்காரப் பெண்மணியுடையது. ஓய்வு பெற்ற தாதி. பல வருடங்களாக அதே இடத்தில் இருந்து பார்க்கிறவர். விளையாட்டின் சட்டங்களை எனக்குச் சொல்லித் தந்தது அவர்தான். இருபது புள்ளி வித்தியாசம் வந்தால்தான் கடைசிச் சின்னவர்களை உள்ளே விடுவார்கள் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். வென்றாலும் சரி, தோற்றாலும் சரி, இருபது வேண்டும். எங்கள் குழு இருபது புள்ளியால் வெல்கிற குழு அல்ல. ஆகவே நான் என்ன செய்வேன்? எதிரணி கூடையில் போடும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம். ஒரு நாள் என்னை அறியாமல் கையும் தட்டிவிட்டேன். அந்தப் பெண்மணி திரும்பி, நான் எந்தக் குழுவின் ஆள் என்று கேட்டார். என் மகனின் ஆள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அப்படி இருபதால் தோற்ற ஆட்டங்களில் அவனுக்குக் கடைசி நிமிடம் கிடைத்தது. சனங்கள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போகும் நேரம். அவன் ஓடினான், பாய்ந்தான், ஒருமுறை கூடையிலும் போட்டான். பார்க்கத்தான் ஆளில்லை. கழகத்தின் இரண்டாம் குழுவோடும் அவன் ஆடுவான். அது நாலாம் பிரிவு, பள்ளிக்கூட மண்டபங்களில் நடக்கும். அங்கே முழு நேரமும் அவன்தான் ராசா. அங்கே ராசாவாக இருந்துவிட்டு இங்கே வந்து துவாய் நீட்டுவதற்கு என்ன மனம் வேண்டும் என்று நான் அவனிடம் கேட்டேன்.

"ரெண்டும் வேலைதான் அம்மா" என்றான்.

முதல் வருடம் இப்படியே போனது. இரண்டாம் வருடம் தை மாதத்தில், குழு தோற்றுக்கொண்டே இருந்ததால், அமெரிக்காவிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்தார்கள். ஒரு பெட்டியோடு புதன்கிழமை வந்து இறங்கினான், சனிக்கிழமை பாதி ஆட்டம் ஆடினான். காத்திருந்தவன் பெண்சாதியை நேற்று வந்தவன் கொண்டுபோன கதைதான். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் நான் பயிற்சியாளரைப் பிடித்தேன். வருட நடுவில் பெற்றோரையும் அனுசரணையாளர்களையும் அழைத்து ஒரு கோப்பி விருந்து வைப்பார்கள். அங்கே மகன் பார்க்காத நேரமாகப் பார்த்து, என் பிள்ளையை எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்று நேரே கேட்டேன்.

பயிற்சியாளர் மரியாதையான மனிதர். கோபப்படவில்லை. பட்டியலில் உள்ள பன்னிரண்டு பேரில் பாதிப் பேர் ஜெர்மன் கடவுச்சீட்டு வைத்திருக்க வேண்டும், நல்ல ஜெர்மன் பெடியன்களைப் பிடிப்பது கஷ்டம், அந்த வகையில் உங்கள் மகன் எங்களுக்கு மிகவும் முக்கியம் என்றார். பயிற்சியிலும் அவன் பெறுமதியானவன் என்று சேர்த்துக்கொண்டார்.

நானும் கணவரும் கடவுச்சீட்டே இல்லாமல் இந்த நாட்டுக்குள் வந்தவர்கள். மகன் டிராமில் ஏறினால், எந்த நாட்டிலிருந்து வந்தாய் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். இங்கே மட்டும் அவன் ஜெர்மன்காரன், அதுவும் தட்டுப்பாடான ஜெர்மன்காரன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கேக்கைத் தின்றுவிட்டு வந்தேன்.

பயிற்சியில் அவனுக்கு என்ன பெறுமதி என்பது பிறகுதான் விளங்கியது. வருகிற சனிக்கிழமை எந்தக் குழுவோடு ஆட்டமோ, அந்தக் குழுவாக நடிப்பது கடைசிக் கதிரைக்காரர்களின் வேலை. எதிரணியின் காணொளிகளைப் பார்த்து, அவர்களில் ஒருவன் எப்படி ஓடுவான், எப்போது திரும்புவான் என்று அப்படியே செய்து காட்ட வேண்டும். முதல் ஐந்து பேர் இவர்களோடு மோதிப் பழகுவார்கள். அதாவது என் மகன் கிழமை முழுவதும் வேறொருவன். சனிக்கிழமை மட்டும் ஒருவருமில்லை.

பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முந்திய கிழமை அவன் வீட்டில் இடது கையால் சோறு சாப்பிட்டான். குழைத்து, உருட்டி, சிந்தாமல் வாயில் வைக்க முயன்றுகொண்டிருந்தான். நான் அகப்பையோடு வந்து நின்றுவிட்டேன்.

"எடேய், என்ன பழக்கம் இது? வலக்கைக்கு என்ன நடந்தது?"

"அவன் இடக்கைக்காரன் அம்மா."

"ஆர்?"

"இந்தக் கிழமை நான் ஆரோ, அவன்."

எதிரணியின் பந்து கொண்டுவருகிறவன் இடதுகைக்காரனாம். கையைப் பழக்கவேண்டும் என்பதற்காகப் பல் தீட்டுவது, கதவு திறப்பது எல்லாம் இடது கையால். மற்றதையெல்லாம் செய், சோற்றை வலது கையால் தின் என்றேன். திங்கள் முதல் வெள்ளி வரை எங்கள் வீட்டில் இந்தச் சண்டைதான் நடந்தது. கடைசியில் அவன் கரண்டி எடுத்தான், அதையும் இடது கையால் பிடித்தான்.

அந்த ஆட்டத்தில் தோற்றால் குழு இரண்டாம் பிரிவுக்கு இறங்கும். மண்டபம் நிறைந்து வழிந்தது. எங்களுக்கோ அது இரண்டாம் வருடத்தின் கடைசி நாள். இனி அவன் டோர்ட்மண்டுக்குப் போகவேண்டியவன். ஒருதரம், சனம் பார்த்திருக்க, ஒழுங்கான நேரத்தில் அவன் விளையாடுவதைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. படிக்க அனுப்ப ஆசைப்பட்ட அதே அம்மாதான் நான்.

இருபது புள்ளி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒன்று கூட, ஒன்று குறைய என்று கடைசி நிமிடம் வரை இழுபட்டது. எங்கள் பந்து கொண்டுவருகிறவர்களில் ஒருவன் கணுக்கால் சுளுக்கி வெளியே இருந்தான். அமெரிக்காக்காரன் ஐந்தாவது தவறையும் செய்து வெளியேற்றப்பட்டான். ஒரு புள்ளி முன்னால் நிற்கிறோம், பந்து எதிரணியிடம். உதவிப் பயிற்சியாளர் குனிந்து எதையோ சொன்னார். தலைமைப் பயிற்சியாளர் கதிரை வரிசையைப் பார்த்தார். பார்வை போய்ப்போய்க் கடைசியில் நின்றது.

என் மகன் மேற்சட்டையைக் கழற்றிய வேகத்தில் அது தலையில் சிக்கியது. பக்கத்துப் பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த இடதுகைக்காரன் பந்தோடு வந்தான். என் மகன் அவனுக்கு முன்னால் பின்பக்கமாகப் பின்பக்கமாக நடந்தான். இடதுகைக்காரன் வலப்பக்கம் தோளைச் சரித்தான். மண்டபமே வலப்பக்கம் பார்த்தது. என் மகன் மட்டும் மற்றப் பக்கம் போய் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றான். அவன் வந்த வேகத்தில் இவன் நெஞ்சில் முட்டினான். என் பிள்ளை மல்லாக்க விழுந்து நிலத்தோடு வழுக்கிப் போனான். சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

"எடேய் மாடு! கண் தெரியேல்லையே உனக்கு?" என்று கத்திக்கொண்டு நான் படியில் இறங்கிவிட்டேன். களத்துக்கே போயிருப்பேன். அந்தப் பெண்மணி என் மேலங்கியைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். நில்லுங்கள், அது நல்லது, அது நல்லது, முட்டினவன் மேல்தான் தவறு, பந்து எங்களுக்கு என்று கத்தினார். திரும்பிப் பார்த்தால் மூவாயிரம் பேரும் எழும்பி நிற்கிறார்கள். குழுவின் நாலு பேர் ஓடிப்போய் ஆளுக்கொரு பக்கமாக அவனைத் தூக்கி நிறுத்துகிறார்கள். அவன் சிரிக்கிறான். என் பிள்ளை விழுந்ததற்குச் சனம் கை தட்டுகிறது என்பதை விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

விளங்கிய அதே நேரம் அவனை வெளியே எடுத்துவிட்டார்கள். இனிப் பந்து எங்களிடம், எறியத் தெரிந்தவன் வேண்டுமாம். அவன் போய்க் கடைசிக் கதிரையில் இருந்தான். குழு வென்றது, முதலாம் பிரிவில் நின்றது. வெளியே வந்தபோது நெஞ்சில் ஐஸ் கட்டியிருந்தான். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அந்தப் பயிற்சியாளரின் காதைத் திருக வேண்டும் போலவும் இருந்தது.

அடுத்த ஞாயிறு மத்தியானம், சாப்பாட்டு மேசையில் வைத்து அவன் சொன்னான். கழகம் இன்னும் இரண்டு வருடத்துக்கு ஃபெர்ட்ராக், அதாவது ஒப்பந்தம், தருகிறதாம்.

"எத்தினையாவது ஆளாக?" என்று கேட்டேன்.

"பதினோராவது."

"பன்னிரண்டில இருந்து பதினொண்டு. அடுத்த பிறப்பில அஞ்சுக்கு வந்திடுவாய்."

கணவர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் விடவில்லை. இரண்டு வருடம் என்று பேசினோம், இரண்டு வருடம் முடிந்தது, உன்னை அவர்கள் கூப்பிடப்போவதில்லை, கடவுச்சீட்டுக்காக வைத்திருக்கிறார்கள், மரியாதையாக எழும்பிப் போய்ப் படி என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவன் எதிர்த்துக் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அம்மா, நீங்களும் அப்பாவும் ஹைமில எத்தினை வருசம் இருந்தனீங்கள்?"

அகதி முகாமைத்தான் கேட்டான். ஏழு வருடம். டுல்டுங் என்று ஒரு தாள் தருவார்கள். அனுப்பாமல் விட்டு வைத்திருக்கிறோம் என்று அதற்கு அர்த்தம். வேலை செய்ய அனுமதியில்லை, நகரத்தை விட்டு வெளியே போக அனுமதியில்லை. சில மாதங்களுக்கு ஒருதரம் அந்தத் தாளைப் புதுப்பிக்க வெளிநாட்டவர் கந்தோருக்கு வெளியே விடியமுதல் போய் வரிசையில் நிற்க வேண்டும்.

"ஏன் கேக்கிறாய்?"

"ஒவ்வொரு நாளும் காலமை குளிச்சு வெளிக்கிட்டு, விசா தரக் கூப்பிடுவாங்கள் எண்டு இருந்தனாங்கள் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அப்ப ஆராவது வந்து, உங்களைக் கூப்பிட மாட்டாங்கள், எழும்பிப் போங்கோ எண்டு சொன்னால் போயிருப்பியளோ?"

கணவர்தான் தலையை நிமிர்த்தினார்.

"எல்லாரும் அதைத்தானடா சொன்னவங்கள்" என்றார்.

உண்மைதான். வெளிநாட்டவர் அலுவலகத்தில் சொன்னார்கள், முகாம் காவலாளி சொன்னான், எங்களுக்கு முன்னால் விசா கிடைத்த எங்களுடைய சனங்களே சொன்னார்கள். நான் ஒருவர் சொல்லையும் கேட்கவில்லை. இப்போது என் வீட்டில், என் மேசையில், என் பிள்ளைக்கு அதை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு அவன் மேல் கோபமும் போகவில்லை.

"எங்களுக்கு வேற வழி இருக்கேல்லை. உனக்கு இருக்கு" என்றேன்.

"ஓம், இருக்கு. நீங்கள் இருந்தபடியால்தான் இருக்கு. எனக்கு இதுதான் விருப்பம் அம்மா."

அவன் தட்டில் இன்னும் ஓர் அகப்பை சோறு போட்டேன். பிறகு, எப்போது கையெழுத்து வைக்கவேண்டும் என்று கேட்டேன்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வரச்சொல்லி டெர்மின்."

"நானும் வாறன்."

"ஐயோ, வேண்டாம். அங்க ஒருத்தரும் அம்மாவோட வாறேல்லை."

"உள்ளுக்கு வரேல்ல, வெளியில நிக்கிறன்" என்றேன். "எனக்கு உந்தக் கந்தோருகளுக்கு வெளியில நிண்டு நல்ல பழக்கம்."