அந்தப் பக்கத்து ஆடுகள்

திண்டுக்கல் தாலுகா அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் நர்கீஸ் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். பத்தொன்பது வருடமாகிறது. ஆதாரும் பட்டாவும் வாரிசுச் சான்றும் நாளெல்லாம் அந்த இயந்திரத்தின் வெளிச்சத்துக்குக் கீழே போய் வருகின்றன. கசங்கிய தாளை அவள் அப்படியே வைப்பதில்லை. உள்ளங்கையால் நாலு மூலைக்கும் நீவி, மடிப்பை அமுக்கி, பிறகுதான் கண்ணாடிமேல் கவிழ்ப்பாள்.

"யக்கா, இஸ்திரி போடவா குடுத்தேன்? அப்பிடியே போடுக்கா."

"கோணலா வந்தா உள்ள இருக்கவன் திருப்பி அனுப்புவான். பொறவு என்னைய வஞ்சுக்கிட்டு வருவ."

இந்த நீவுதல் அவளுடைய அத்தா முகமது யாசினிடமிருந்து வந்தது. அவர் பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல்ஷாப்பில் தரம் பிரிப்பவராக இருந்தார். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிப் பதமாகிக் காய்ந்து வரும் ஆட்டுத்தோல்களை, வடக்குப் பார்த்த சன்னலுக்குக் கீழே நீண்ட மேசையில் விரிப்பார். கால்பக்கங்களை நாலு மூலைக்கும் இழுத்து நீவுவார். விரலால் தடவிப் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் சொல்வார். பக்கத்தில் நிற்பவர் ஓரத்தில் மையால் எண் போடுவார்.

அந்த மேசையைச் சுற்றி யாரும் தோல் என்று சொன்னதில்லை. ஆடு என்றுதான் சொல்வார்கள். "இந்த ஆடு வேலியில பாஞ்சிருக்கு, ரெண்டு போடு." "இது பட்டினி கெடந்த ஆடு, முதுகு வத்திப்போச்சு." "உண்ணி தின்ன ஆடு, மூணு." உயிரோடு இருந்தபோது அதற்கு நடந்ததில் பாதியாவது விரலுக்குக் கிடைத்துவிடும்.

யாசின் வீட்டுக்கு வந்தும் அப்படியேதான் பேசினார். சாயங்கால அஸர் தொழுகை முடித்துத் திரும்பி, தேநீர் கிளாஸோடு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவார். "இன்னிக்கு ஒரு வெள்ளாடு பாத்தேன்யா. எடது தொடையில நாய்க்கடி. நாலு பல்லும் பதிஞ்சிருக்கு. ஆனாப் பொழச்சிருச்சு. நல்ல சீவன்."

கட்டிலில் கிடந்தவன் மன்சூர். அது எண்பத்தொன்பதாம் வருடம். அவனுக்கு ஏழு வயது, நர்கீஸுக்குப் பதினொன்று. அவனுக்கு இடுப்பெலும்பில் காசநோய் என்று மதுரையில் மார்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டு போட்டு அனுப்பியிருந்தார்கள். ஒன்றரை வருடம் அசையக்கூடாது. ஊசி போட வந்த கம்பவுண்டரிடம் அவன் சொன்னான்: "எங்கத்தா ஆட்டு டாக்டரு. தெனம் அம்புட்டு ஆடு வரும்." அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தாவும் சிரித்தார். யாரும் திருத்தவில்லை.

நர்கீஸ் தினம் மத்தியானம் அத்தாவுக்குச் சோறு கொண்டுபோகிறவள். அவளுக்குத் தெரியும்.

ஒருநாள் மன்சூர் கேட்டான்: "அத்தா பாத்த பொறவு ஆடெல்லாம் எங்க போகும்?"

"அந்தப் பக்கம்" என்றாள்.

அந்தப் பக்கம் என்று ஒரு நாடு ஏற்கெனவே இருந்தது. மாவுக்கட்டின் முதல் மாதத்திலேயே இருவரும் சேர்ந்து உண்டாக்கியது. அவனுடைய கட்டில் ஒட்டிக் கிடந்த சுவருக்கு அப்பால் அது தொடங்கியது. அங்கே முக்காலன் இருந்தான். மூன்று காலால் மேகத்தைத் தாண்டுவான். கண்ணாடிப் பருந்து இருந்தது. காலையில் தின்றது மாலைவரை வயிற்றில் தெரியும். நெருப்பு நத்தை போன வழியெல்லாம் கரிக்கோடு விழும். ஊமைமலை வருடத்துக்கு ஒரு சாண் நடக்கும். பெயரெல்லாம் மன்சூர் வைத்தான். விதி ஒன்றையும் அவனே வைத்தான்: அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகாது. விழ மாட்டார்கள், ஒடியாது, வலிக்காது, சாக மாட்டார்கள்.

அந்த நாட்டுக்குள் ஓர் ஆடு போய் நின்றது.

எல்லாம் கூடிவிட்டன. வந்ததற்கு நாலு கால்தான். இறக்கை இல்லை. நெருப்பு வரவில்லை. ஏதாவது செய்யும் என்று காத்திருந்தன. ஆடு புல் தின்றது. பிறகு முக்காலன்தான் கிட்டே போய்த் தொடையைத் தொட்டுப் பார்த்தான். "இது என்ன குழி?" "நாய் கடிச்சது." "கடின்னா?" ஆடு சொல்லச் சொல்ல அவை வாய் பிளந்து கேட்டன. வலி என்ற ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் அந்த நாட்டுக்குத் தெரிந்தது. மறுநாள் வேலிமுள் கீறிய ஆடு. அதற்கு மறுநாள் சூடு போட்ட ஆடு. தினம் சாயங்காலம் ஒன்று வந்தது. ஊமைமலை அவற்றைப் பார்ப்பதற்காகவே அந்த வருடம் இரண்டு சாண் நடந்தது.

நாற்பது பக்க நோட்டில் நர்கீஸ் வரைந்தாள். பூதங்களை எல்லாம் நிமிர்த்தி வரைந்தாள். ஆட்டை மட்டும் நாலு காலையும் நாலு மூலைக்கு விரித்துத் தட்டையாக வரைந்தாள். தெருவில் ஆடு நிற்பதைப் பார்க்காதவள் அல்ல. ஆனால் அத்தா சொன்ன ஆடுகளை அவள் மேசைமேல்தான் பார்த்தாள். அவற்றின் கீறலும் கடியும் எந்த இடத்தில் என்று அப்படி வரைந்தால்தான் சரியாக வந்தது.

"பறக்குதாக்கா?" என்றான் மன்சூர்.

"எறங்குது."

கட்டு பிரித்து, ஊன்றி நடந்து, ஊன்றுகோலையும் விட்டபோது மன்சூருக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தது. ஒரு கால் சற்றுக் குட்டை. நர்கீஸுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாள், சோற்றுத் தூக்கை நான் கொண்டுபோகிறேன் என்று எடுத்துக்கொண்டான். பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டான். போகிற வழியில் ஆடுகளுக்கென்று ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கிக்கொண்டான்.

திரும்பி வந்தபோது கீரைக்கட்டு கையிலேயே இருந்தது. அதை அம்மாவிடம் கொடுத்தான். அம்மா அன்றைக்கு அதையே பொரியல் செய்தாள். அவன் சாப்பிடவில்லை. நர்கீஸிடம் அவன் மறுபடி பேச நாலு மாதம் ஆனது. நோட்டைப் பற்றி அதன் பிறகு அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வாழ்க்கை தன் போக்கில் போயிற்று. தொண்ணூற்றொன்பதில் தோல்ஷாப்பை மூடினார்கள். நர்கீஸுக்குக் கல்யாணம் ஆகி, அது மூன்று வருடத்தில் முடிந்தது. முதலில் அம்மா போனாள், எட்டு வருடம் முன்பு அத்தாவும். மன்சூர் ஆட்டு வியாபாரி ஆனான். வியாழக்கிழமை தோறும் அய்யலூர்ச் சந்தையில் விடியுமுன் நிற்பான். முதுகைப் பிடித்துப் பார்த்தே எடை சொல்வான். நகரத்துப் பிரியாணிக் கடைகளில் நாலைந்துக்கு அவன்தான் ஆடு கொடுக்கிறான்.

மன்சூரின் மகள் ரிஃபாத் சென்னையில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற கம்பெனி ஒன்றில் படம் வரைகிறாள். இந்த ஜனவரியில் ஊருக்கு வந்தவள், தன் அத்தாவின் பழைய பள்ளிச் சான்றைத் தேடி மாமி நர்கீஸின் வீட்டுத் தகரப்பெட்டியைத் திறந்தாள். பதினான்கு நோட்டுகள் இருந்தன. தரையில் உட்கார்ந்து அவ்வளவையும் போனில் படம் எடுத்தாள். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"மாமி, ஆபீஸ்ல எல்லாரும் ஒரு படத்தப் பாத்து அசந்துட்டாங்க."

"முக்காலனா?"

"அதெல்லாம் எல்லா கேம்லயும் இருக்கு மாமி. பறக்குற குதிரை, டிராகன்னு ஆயிரம் இருக்கு. இது வேற. தட்டையா, காலை விரிச்சுக்கிட்டு, முதுகெல்லாம் கோடு கோடா. இப்பிடி ஒரு ஜந்த யாருமே யோசிச்சதில்லைங்கறாங்க. அதுக்கு என்ன பேரு?"

"ஆடு."

"இல்ல மாமி, ஜந்துவோட பேரு."

"ஆடுதான்டி. வெள்ளாடு. ஒங்கத்தா வாரம் நாப்பது புடிக்கிறானே, அது."

பிறகு ரிஃபாத் மெதுவாகச் சொன்னாள்: அவர்களுக்கு அதுதான் வேண்டும். பெயரை மாற்றுவார்கள். கோடுகளிலிருந்து நெருப்பு வரும். அரக்கர் படை அதன்மேல் ஏறி வரும். "உங்க பேரு போடுவாங்க மாமி. திரையில. உலகம் பூராப் பாக்கும். ஒரு கையெழுத்து மட்டும் போடணும்."

திரையில் தன் பெயர். நர்கீஸுக்கு நாற்பத்தேழு வயது. கடைப் பலகையில்கூட அவள் பெயர் இல்லை. முன்பு வைத்திருந்தவர் பெயரே இருக்கிறது. அன்றைக்கு மத்தியானம் ஒருவருடைய பட்டாவைத் தலைகீழாக நகல் எடுத்துக் கொடுத்தாள்.

"பாதி ஒங்கத்தாவுதும்மா" என்றாள், ரிஃபாத் மறுபடி கூப்பிட்டபோது. "அவன்ட்ட கேக்காம நான் எப்பிடி?"

"அத்தா அதப் பத்திப் பேச மாட்டாரு மாமி. நான் கேட்டுப் பாத்தேன், எந்திரிச்சுப் போயிட்டாரு."

வியாழக்கிழமை அவள் நோட்டுகளைப் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்தாள். தாலுகா ஆபீஸ் சாப்பாட்டுக்கு அடங்கியிருந்த நேரம், சந்தையிலிருந்து திரும்புகிற வழியில் மன்சூர் வண்டியை நிறுத்தினான். பின்னால் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. போனில் வரச்சொன்னது எதற்கென்று அவனுக்குத் தெரிந்திருந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு, உட்காரும்போதே, "வேணும்னா கையெழுத்துப் போட்டுக்கக்கா. என்னய எதுக்கு இழுக்குற?" என்றான்.

"மொதல்ல பாரு."

முதல் நோட்டைத் திறந்தான். தன்னுடைய கோணல் எழுத்தைப் பார்த்தான். முக்காலன். நெருப்பு நத்தை. மூக்குவழியாகச் சிரித்தான். நாலைந்து பக்கம் தள்ளினான்.

"ஏன்க்கா, ஆடெல்லாம் தவள மாதிரி கெடக்கு?"

அவனே அடுத்த நொடியில் கேள்வியை விட்டுவிட்டான். அந்த விரிப்பை அவன் ஒருமுறை அத்தாவின் மேசையில் நேரில் பார்த்திருக்கிறான்.

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். நாலாவது நோட்டில் அவன் நின்றான். மேலே தேதி எழுதியிருந்தது.

"தொண்ணூத்தி மூணு போட்டிருக்கு?"

"ஆமா."

"நான்தான் அப்பக் கேக்கவே இல்லையே."

"அத்தா சொன்னாரு. நான் எழுதுனேன்."

அவன் கடைசி நோட்டை எடுத்தான். தொண்ணூற்றொன்பது, மார்ச். ஒரு ஆட்டின் படம். கழுத்தில் கயிறு அறுத்த தழும்பு, வேறு காயமில்லை, நன்றாக வளர்த்திருக்கிறார்கள் என்று இருந்தது. கண்ணாடிப் பருந்து அதனிடம் கயிறு என்றால் என்ன என்று கேட்டிருந்தது.

"நான் தோலைப் பாத்துக் கோவப்படலக்கா" என்றான். நோட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். "ஆட்ட அறுப்பாங்கன்னு ஒம்பது வயசுல தெரியாதா? பெருநாளைக்கு நம்ம வீட்லயே அறுக்கல? நீ அங்கன தெனம் போயிட்டு வந்து, எங்கிட்ட ஒண்ணும் பாக்காதவ மாதிரி ஒக்காந்த. நான் ஒருத்தன் மட்டும் படுத்துக்கெடந்து நம்பிக்கிட்டு இருந்திருக்கேன்."

"நீ மட்டும் இல்லடா. ஒங்கிட்டச் சொல்லச் சொல்ல நானும் பாதி நம்பிட்டேன். மத்தியானம் பாக்குறது வேற, சாயங்காலம் சொல்றது வேறயாப் போச்சு."

வண்டியில் ஒரு கிடா கொம்பால் தகரத்தை இடித்தது. "ஏலே, சும்மா கெட" என்று அவன் வெளியே பார்த்து அதட்டினான். பிறகு கேட்டான்:

"பேரு வரும்ங்குறா. ஆசையா இருக்கா?"

"இருக்கு. இல்லன்னு சொன்னாப் பொய்யி."

"அப்பக் குடு."

"நெருப்புக் கக்குமாம்டா. மேல அரக்கன் ஒக்காருவானாம்." அவள் முதல் நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். விரலை ஒரு படத்தில் வைத்தாள். "இது நாய் கடிச்சுப் பொழச்சது. இது செம்பட்டிப் பக்கத்துலருந்து வந்தது, உண்ணி தின்னு மெலிஞ்சது. ஒவ்வொண்ணும் ஒரு ஆடு. அத்தா கையில வந்து போனது. இங்க ஒருத்தரும் அதுககிட்ட ஒனக்கு என்ன ஆச்சுன்னு கேக்கல. அங்கதான் கேட்டாங்க. அதப் போய்…"

ஒருவர் வாசலில் வந்து நின்றார். "வருமானச் சான்று ரெண்டு பிரதி."

மன்சூர் எழுந்து இடம்விட்டான். அவள் தாளை வாங்கி நீவிக் கவிழ்த்தாள். வெளிச்சம் ஒரு முறை போய் வந்தது; இன்னொரு முறை போய் வந்தது. அவர் போன பிறகு மன்சூர் சொன்னான்: "முக்காலன் கேட்டா எடுத்துக்கட்டும். எல்லாத்தையும் எடுத்துக்கட்டும். ஆட்டத் தரவேணாம். நான் சொன்னேன்னே சொல்லு, எம்மக எங்கிட்டச் சண்ட போடட்டும்."

"நானே சொல்லிக்கிறேன்."

அன்று சாயங்காலமே சொன்னாள். ரிஃபாத் வெகுநேரம் வாதாடினாள். ஆடு இல்லாமல் மற்றதை அவர்கள் கேட்கவே இல்லை என்றாள். கேட்டுப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் கழித்து, வேண்டாம் என்றுவிட்டார்கள் மாமி என்று குறுஞ்செய்தி அனுப்பினாள். நர்கீஸ் அதை இரண்டு முறை படித்தாள். அந்த இரண்டு வாரத்தில் தன் பெயர் திரையில் எந்த எழுத்தில் வரும் என்றெல்லாம் அவள் யோசித்திருந்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

நோட்டுகளை மன்சூர் வண்டியின் முன்சீட்டில் வைத்து எடுத்துப் போயிருந்தான். படித்துவிட்டுத் தருகிறேன் என்றவன் தரவில்லை. அவளும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மனுநாள். கடை வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். மன்சூர் கூப்பிட்டான்.

"அக்கா, பதினொண்ணாம் நோட்டுல ஒரு பக்கம் பாதி கரையான் அரிச்சிருக்கு. அந்தச் சூடு போட்ட ஆடு ஊமைமலைகிட்டப் போயி நிக்கிதுல்ல? அது என்ன சொல்லுச்சு?"

"கூட்டமா இருக்குடா. பொறவு சொல்றேன்."

"ரெண்டு வார்த்தையில சொல்லேன். பாதியில நிக்கிது."

"யக்கா, டோக்கன் குடுத்துருவாய்ங்க, சீக்கிரம்" என்று முன்னால் நின்ற பெண் தாளை நீட்டினாள்.

நர்கீஸ் தாளை வாங்கிக் கண்ணாடிமேல் வைத்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டாள்.

"அது ஒண்ணும் சொல்லல" என்றாள். "மலைதான் பேசுச்சு. அம்புட்டு நாள் ஊமையாக் கெடந்தது, அன்னைக்குத்தான் மொதத் தடவ வாயத் தொறந்துச்சு. கேளு."