பெட்ரோல் ப்ளோயரும் என் வீட்டுக்காரர் காதும்

நானும் என் வீட்டுக்காரரும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தோட்டப் பராமரிப்பு செய்கிறோம். வீடு இரும்புலியூரில். புல் வெட்டுவது, வேலிச்செடி கத்தரிப்பது, உரம் வைப்பது என்று வேலை பல இருந்தாலும் குடியிருப்பவர்கள் கண்ணில் படுவது இலை மட்டும்தான். ஒரு செடி வாடினால் அதை யாராவது கவனித்துக் கேட்க ஒரு வாரம் ஆகும். காலையில் கார் எடுக்க வரும்போது பாதையில் இலை கிடந்தால் உடனே போன் வந்துவிடும்.

ஊரப்பாக்கத்தில் நாங்கள் பார்க்கும் குடியிருப்பு பெரியது. உள்சாலை நெடுக புங்கமரங்கள், பின்மதிலோரம் வாதாம் மரங்கள், குழந்தைகள் விளையாடும் இடத்தை ஒட்டி ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். பனிக்காலம் போய் வெயில் ஏறத் தொடங்கும்போது புங்கமரம் இருக்கிற இலையை எல்லாம் கொட்டிவிடும். ஒரு பக்கம் பெருக்கிவிட்டுத் திரும்பினால் பெருக்கிய இடத்தில் மறுபடி இலை. விளக்குமாறை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு பேர் அதோடு மல்லுக்கட்ட முடியாது. அதற்காகத்தான் இலையைக் காற்றால் ஊதித் தள்ளும் பெட்ரோல் ப்ளோயர் வாங்கினோம்.

முதுகில் மாட்டிக்கொள்ளும் வகை அது. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி, கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் கிளம்பும். கிளம்பிவிட்டால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது வெறும் வாயசைவாகத்தான் தெரியும். அதை எப்போதும் அவர்தான் போடுவார். நான் முன்னால் போய்ச் செடித்தொட்டிகளை நகர்த்திவைப்பேன், குவிந்த இலையைத் தார்ப்பாயில் வாரிக் கட்டுவேன். வேலை நேரத்தில் எங்களுக்குள் பேச்சே கிடையாது. கையைத் தூக்கினால் நிறுத்தச் சொல்கிறேன் என்று அர்த்தம். விரலைச் சுழற்றினால் அந்த இடத்தை இன்னொரு தடவை ஊத வேண்டும். கட்டைவிரலை வாயருகே கொண்டுபோனால் டீ. வருஷக்கணக்கில் இப்படி வேலை செய்து, வாயைத் திறக்காமலே ஒரு பகல் முழுவதும் எங்களால் ஓட்டிவிட முடியும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் டிவியைச் சத்தமாக வைப்பார். குறைக்கச் சொன்னால், "மெஷின் இன்னும் காதுக்குள்ளயே ஓடிகினு கீதுமே, கொஞ்சம் பொறு" என்பார். எனக்கும் அப்படித்தான் கொஞ்ச நேரம் காதடைத்துப்போய் இருக்கும். அதனால் மேலே கேட்டதில்லை.

நிறையப் பேர் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்க ஆரம்பித்த பிறகு சிக்கல் வந்தது. முன்பெல்லாம் காலை ஒன்பதரைக்கு மேல் அந்தக் குடியிருப்பில் ஆள் நடமாட்டமே இருக்காது. இப்போது எந்த நேரம் மெஷினைக் கிளப்பினாலும் ஏதாவது ஒரு பால்கனியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்துக் கையை ஆட்டியது. சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற ஒரு அம்மா. தன்மையானவர். ஒரு நாள் கீழே இறங்கி வந்து என் வீட்டுக்காரரிடம் பேசினார்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. இங்க பாதிப் பேர் வீட்ல இருந்தே வேலை பார்க்கறாங்க. நீங்க ஆன் பண்ணினா எல்லார் மீட்டிங்லயும் உங்க மெஷின்தான் பேசுது. சங்கமே பேட்டரி ப்ளோயர் ஒண்ணு வாங்கித் தரலாம்னு இருக்கோம்."

அவர் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று தலையாட்டினார். அந்த அம்மா போனதும் என்னிடம் வந்து, "இன்னாவாம்?" என்றார்.

"உங்ககிட்டதான சொல்லிட்டுப் போறாங்க?"

"நீ சொல்லேன்."

சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

பேட்டரி ப்ளோயர் வந்த அன்று சங்கத்துக்காரர்கள் சிலர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். கையில் பிடிக்கிற வகை. மாற்றிப் போட ஒரு பேட்டரி கூடவே வந்திருந்தது. அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "இது இன்னாமே, தல காயவெக்கற மெஷின் மாதிரி கீது" என்றார். ஆனாலும் ஊதிக் காட்டினார். காய்ந்த புங்க இலை அழகாகப் பறந்தது. குழாயடியில் நனைந்து தரையோடு ஒட்டிக் கிடந்த வாதாம் இலையை மட்டும் அதால் அசைக்கவே முடியவில்லை. இன்னும் பின்பக்கம் போய்ச் சேரவில்லை, அதற்குள் இரண்டு பேட்டரியிலும் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"பாத்தீங்களா மேடம்? என்னுதுக்குக் கொஞ்சம் பெட்ரோல் ஊத்தினா மறுபடி ஓடும். இத்த எத்துனு போயி கரண்ட்ல சொருவிட்டு உக்காந்துகினு இருக்கணும்."

"உண்மைதான் அண்ணா. ஆனா நீங்க ஊதினப்ப நாங்க எல்லாரும் பேசிட்டே இருந்தோம், கவனிச்சீங்களா?" என்றார் அந்த அம்மா.

சாதாரண நாட்களில் பேட்டரி, மழை பெய்து இலை ஊறிப்போனால் பெட்ரோல் என்று முடிவானது. நியாயமான முடிவு. ஆனால் அவர் அதை ஏற்கவில்லை. பொதுவாக எதற்கும் அடம்பிடிக்கிற ஆள் அல்ல. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தினமும் முணுமுணுப்பு. கடைசியில் புது மெஷினை என் கையில் கொடுத்து, "நீயே வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டுத் தார்ப்பாயை எடுத்துக்கொண்டார்.

எனக்கு அது பிடித்துப்போயிற்று. அவர் மெஷினைப் போல முதுகில் பாரம் இல்லை, கை நடுக்கம் இல்லை, புடவையில் பெட்ரோல் வாடை இல்லை. குழாயை லேசாகத் தாழ்த்திக்கொண்டு நடந்தால் இலை முன்னால் முன்னால் ஓடும். ஆடு ஓட்டிக்கொண்டு போவது போல இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே லிப்ட் கதவு திறப்பது, மாடியில் யாரோ குழந்தையை அதட்டுவது எல்லாம் கேட்டது. இத்தனை வருஷம் அந்த இடத்தில் வேலை செய்தும் அதன் சத்தங்கள் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அப்படித்தான் அந்த ஹாரனும் கேட்டது. கீழ்த்தளத்தில் நிறுத்தியிருந்த கார் ஒன்று சரிவில் ஏறி வந்தது. மேலே, சரிவு முடியும் இடத்தில், அவர் குனிந்து இலையை வாரிக்கொண்டிருந்தார். முதுகு காரைப் பார்த்து இருந்தது. சாலையின் மறுகோடியில், மெஷினையும் ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்த ஹாரன் தெளிவாகக் கேட்டது. அவர் நிமிரவில்லை. இரண்டாவது முறை நீளமாக அடித்தார்கள். அப்போதும் அவர் பாட்டுக்கு வாரிக்கொண்டிருந்தார். கார் அவருக்கு மிக அருகில் வந்து நின்றது. ஓட்டியவர் கண்ணாடியை இறக்கிக் கத்தினார்.

"காது கேக்கலையா சார் உங்களுக்கு?"

அப்போதுதான் திரும்பினார். சிரித்துக்கொண்டே ஒதுங்கி, "போங்க சார், போங்க" என்று வழிவிட்டார். நான் மெஷினை நிறுத்திவிட்டு நின்ற இடத்திலேயே நின்றேன்.

அன்று சாயங்காலம் அவர் டிவி பார்க்கும்போது பின்னால் நின்று, "ஏங்க" என்றேன். அசையவில்லை. கொஞ்சம் சத்தமாக, "ஏங்க, டீ போடவா?" என்றேன். இல்லை. டிவியை நிறுத்தச் சொல்லி முன்னால் போய்க் கையைக் காட்டினேன், நிறுத்தினார். மறுபடி பின்னால் வந்து கூப்பிட்டேன். அந்த அமைதியிலும் அவர் திரும்பவில்லை. வெளியே சாலையில் பஸ் ஒன்று அலறிக்கொண்டு போனபோது மட்டும் தலையைத் திருப்பினார். என் முகத்தைப் பார்த்து, "இன்னாமே, பேய் அறஞ்சா மாதிரி நிக்கற?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

சில நாட்கள் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இருந்தேன். பிறகு ஒரு மத்தியானம், தூங்குமூஞ்சி மரத்து நிழலில் சாப்பிட உட்கார்ந்தபோது, நேராக முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"உங்களுக்குக் காது சரியாக் கேக்கல. டாக்டரப் பாக்கலாம்."

"எனக்கு இன்னா? நல்லாத்தான் கேக்குது. நீதான் வாய்க்குள்ளயே பேசற."

அவர் மோர்சாதத்தைக் கொஞ்ச நேரம் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எனக்குத் தெரியும்மே" என்றார் பிறகு. "மின்ன ஷேர் ஆட்டோ ஓட்டசொல்லவே கொஞ்சம் இருந்துச்சு. பின்னாடி உக்காந்துகினு எங்க எறங்கணும்னு சொல்லுவாங்க, காதுல வுழாது. இப்ப ஜாஸ்தியாயிருச்சு."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லி? செவுடன்னு தெரிஞ்சா எவன் வேலை குடுப்பான்?" சற்றுத் தள்ளி ஷெட்டில் மாட்டியிருந்த பெட்ரோல் மெஷினைக் கண்ணால் காட்டினார். "அது ஓடசொல்ல யாருக்குமே காது கேக்காது. எனக்கு மட்டும் இல்ல. எவனாவது கூப்ட்டு நான் திரும்பலன்னாலும், மெஷின் ஓடுது பாவம்னு உட்ருவான். இந்தப் புதுசு வந்துச்சு, அல்லாரும் பேச ஆரம்பிச்சுட்டாங்க. பேஜாராப் போச்சு."

அவர் அந்தச் சத்தத்துக்குள் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மெஷின் மேல் என்ன பாசம் இந்த ஆளுக்கு என்று எரிச்சல்பட்டிருந்தேன். எரிச்சல் எல்லாம் போய், பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. ஊறுகாயை அவர் பக்கம் தள்ளிவைத்தேன், எடுத்துக்கொண்டார்.

குரோம்பேட்டையில் ஒரு காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் வெளியே நின்று அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் டக் டக்கென்று அழுத்தினார். அப்புறம் இடைவெளி விட்டது. அப்புறம் அந்த விரல் பொத்தான் மேல் சும்மா கிடந்தது. பரீட்சையில் விடை தெரியாத பிள்ளை மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் சுவரைப் பார்த்தேன்.

சோதித்த பெண் பொறுமையாகச் சொன்னாள். "மெஷின் சத்தமும் ஒரு காரணம், வயசும் ஒரு காரணம். போனது திரும்ப வராது சார். இருக்கறத காப்பாத்திக்கலாம். காதுக்கு மெஷின் வெச்சுக்கோங்க. அந்தப் பெட்ரோல் மெஷின ஓட்டினா மட்டும் இத கழட்டிட்டு, சத்தம் தடுக்கற காதுமூடி கண்டிப்பா போடணும்." பெட்ரோல் ப்ளோயர் வாங்கிய அன்றைக்கே அதோடு ஒரு காதுமூடி கொடுத்திருந்தார்கள். வேர்க்கிறது என்று இவர்தான் அதைத் தொட்டதே இல்லை.

காது மெஷின் வந்த முதல் வாரம் எங்கள் வீட்டில் ஒரே சண்டை. பிளாஸ்டிக் கவரைப் பிரித்தால் கத்துகிறது என்றார். மின்விசிறிக்கு எண்ணெய் போடவில்லையா என்று கேட்டார், அது எப்போதும் அப்படித்தான் ஓடும். நான் பாத்திரம் தேய்த்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். இரண்டொரு தடவை கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. தானாகவே தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவர் பாடுவது தனியாகக் கேட்கும். எல்லோரும் ஒரு ராகத்தில் போக, இவர் தன் போக்கில் உரக்கப் போவார். காது மெஷினோடு வந்த முதல் ஞாயிறு, ஆரம்பித்த வேகத்தில் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். வெளியே வந்ததும், "இத்தினி நாளா இப்டித்தான் பாடினு இருந்தேனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "யாராச்சும் சொல்லக்கூடாதா?" என்று நடுத்தெருவில் நின்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

கட்டிக்கொடுத்த மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவள் போன் செய்தால் "அம்மாகிட்ட பேசு" என்று உடனே என்னிடம் நீட்டிவிடுகிற மனிதர், இப்போது போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகிறார். அப்பாவுக்கு இவ்வளவு பேசத் தெரியுமா என்று அவள் என்னிடம் கேட்டாள். எனக்கே தெரியாது என்றேன்.

மழைக்காலம் வந்தது. ஒரு புயல் மழையில் ஊரப்பாக்கத்தில் கரண்ட் போய், குடியிருப்பின் பாதை முழுவதும் இலையும் சுள்ளியுமாகத் தரையோடு அப்பிக் கிடந்தது. என் மெஷினில் சார்ஜ் இல்லை. இருந்திருந்தாலும் அந்த ஈர இலைக்கு அது போதாது. ஷெட்டிலிருந்து பெட்ரோல் மெஷினை இறக்கினோம். அவர் காது மெஷினைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். நான் அதைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். பிறகு காதுமூடியை எடுத்து, ஒழுங்காகப் பொருந்தியிருக்கிறதா என்று இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்துக்கொண்டு, கயிற்றை இழுத்தார். மெஷின் உறுமியது. மாடியிலிருந்து அன்று யாரும் எட்டிப் பார்த்துக் கையை ஆட்டவில்லை. செயலாளர் அம்மா பிளாஸ்கில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இப்போதும் இரண்டு மெஷினும் எங்களிடம் இருக்கின்றன. காய்ந்த காலம் முழுக்கப் பேட்டரி, அது என்னுடையது. மழைக்குப் பெட்ரோல், அது அவருடையது. இரண்டு பேட்டரியும் தீர்ந்து, காவலாளி அறையில் சார்ஜ் ஏறும்வரை வேலை நின்றுபோகிறது. முன்பு அதைத்தான் பெரிய குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அந்த நேரத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அவர்தான் பேசுகிறார்.

போன வாரம் தாம்பரத்தில் வேறொரு குடியிருப்பின் மேனேஜர் எங்களைத் தேடி வந்தார். புதிதாக ப்ளோயர் வாங்கப்போகிறார்களாம், பேட்டரி நல்லதா பெட்ரோல் நல்லதா என்று கேட்டார். என்ன மரம் இருக்கிறது, இடம் எவ்வளவு, பக்கத்தில் பிளக் பாயிண்ட் உண்டா, மழையில் தண்ணீர் தேங்குமா என்று நான் விசாரித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார்.

"எதுனா வாங்குங்க சார். அத்த ஓட்டப்போறது யாரு?"

"எங்க ஹவுஸ்கீப்பிங் ஆளுங்கதான் அண்ணா."

"வாங்கறதுக்கு முன்னாடி அவுங்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க" என்றார்.

மேனேஜர் சரி என்றார். நான் காய்ந்த இலைக் கட்டைத் தலைக்கு ஏற்றிவிடச் சொல்லி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். முதுகு காட்டிக்கொண்டு நின்றிருந்தவர், "தோ வரேன்" என்று திரும்பினார்.